கணக்குத் தவறாத ரசாயன மேதை

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில் இருக்கிறது திருக்கடையூர். மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் எமனை உதைத்த தலம் என்பது ஐதீகம். அதனால் நீண்ட ஆயுளை வேண்டி அங்கே போகிறவர்கள் அதிகம்.

அறுபது வயது நிரம்பியவர்கள் மனைவியோடு அங்கே வந்து மறுபடியும் மணம் செய்துகொள்வார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ்ந்து நிற்பார்கள். கலசத் தண்ணீர் தலையில் விழும். மேளம் கொட்டும். அவர் கழுத்து மாலை அந்த அம்மாளுக்குப் போகும். அந்த அம்மாள் கழுத்து மாலை அவருக்கு வரும்.

மாலை மாற்றுவதற்கு முன் ஆட்கள் இரண்டு பேர், மாலைகள் இரண்டு. மாற்றிய பிறகும் ஆட்கள் இரண்டு பேர், மாலைகள் இரண்டு. ஒன்றும் கூடவில்லை. ஒன்றும் குறையவில்லை. மாலைகள் மட்டும் இடம் மாறின.

ரசாயனத்திலும் இப்படி ஒரு மாலை மாற்றல் உண்டு. இரண்டு உப்புகளைத் தண்ணீரில் கரைத்து ஒன்றாக ஊற்றினால், சில சமயம் அவை தங்கள் துணையை மாற்றிக்கொள்கின்றன. இரண்டு புதிய பொருள்கள் பிறக்கின்றன. இரட்டை இடப்பெயர்ச்சி என்று இதற்குப் பள்ளிக்கூடத்தில் பெயர்.

இந்த மாற்றத்தைக் கொண்டு லண்டன் விஞ்ஞானிகளையே வியக்க வைத்தார் ஓர் இந்தியர். அவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அவருக்கும் அறுபது வயது வந்தது. அப்போது அவர் செய்த காரியத்தை நாடு இன்றும் நினைத்துப் பார்க்கிறது.

அவர்தான் ஆசார்ய பிரபுல்ல சந்திர ரே.

நோயில் கிடைத்த கல்வி

1861-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி, வங்காளத்தில் ராருலி என்ற கிராமத்தில் பிரபுல்ல சந்திரர் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்கதேசத்தில் குல்னா மாவட்டத்தில் இருக்கிறது.

தந்தை ஹரிஷ் சந்திர ரே நிலபுலம் உள்ளவர். அதைவிடப் புத்தகங்கள் மேல் ஆசை உள்ளவர். வீட்டிலேயே நல்ல நூல்நிலையம் வைத்திருந்தார். பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்காக, 1870-ல் குடும்பத்தோடு கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். பிரபுல்ல சந்திரர் அங்கே ஹேர் பள்ளியில் சேர்ந்தார்.

1874-ல் அந்தச் சிறுவனுக்குக் கடுமையான சீதபேதி வந்தது. உடம்பு துரும்பாக இளைத்தது. பள்ளிக்கூடம் நின்றது. சொந்தக் கிராமத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அந்த நோய் விட்டுச் சென்ற வயிற்றுக் கோளாறு கடைசி வரை அவரை விடவில்லை.

வேறு பிள்ளையாக இருந்தால் படிப்பு போயிற்றே என்று அழுதிருக்கும். இவரோ தந்தையின் நூல்நிலையத்துக்குள் புகுந்தார். சரித்திரம், இலக்கியம், பெரியோர் வரலாறு எல்லாவற்றையும் படித்தார். லத்தீன், கிரேக்க மொழிகளையும் கற்கத் தொடங்கினார். நோய் எடுத்துக்கொண்ட நாட்களுக்கு ஈடாக வீட்டிலேயே ஒரு கல்வி கிடைத்தது.

வெடித்த கருவி

உடம்பு தேறியதும் கல்கத்தாவுக்குத் திரும்பினார். ஈஸ்வர சந்திர வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிடன் கல்லூரியில் சேர்ந்தார். ரசாயன வகுப்பு மட்டும் பிரசிடென்சி கல்லூரியில். அங்கே அலெக்சாண்டர் பெட்லர் என்ற பேராசிரியர் மேஜைமீது சோதனைகள் செய்து காட்டிப் பாடம் நடத்துவார். நிறம் மாறும்; புகை எழும்; தீப்பொறி பறக்கும். பிரபுல்ல சந்திரர் மனத்தைப் பறிகொடுத்தார்.

பார்த்தால் போதுமா? செய்து பார்க்க வேண்டாமா? ஒரு நண்பனின் அறையில் சிறு சோதனைச்சாலை அமைத்தார்கள். ஒருநாள் தகரத்தில் செய்த கருவியில் ஹைட்ரஜனையும் பிராண வாயுவையும் வைத்துச் சோதனை செய்தபோது, அது பயங்கரமாக வெடித்தது. நல்ல வேளையாக யாருக்கும் காயம் இல்லை. ரசாயனத்தில் அளவும் கவனமும் தவறக் கூடாது என்பதை அந்த வெடிச் சத்தம் கற்றுக் கொடுத்தது.

அதற்குள் குடும்பத்தின் செல்வம் கரைந்துகொண்டிருந்தது. சீமைக்கு அனுப்பிப் படிக்க வைக்கத் தந்தையால் முடியாது. ஆனால் கில்கிறிஸ்ட் பரீட்சையில் தேறினால் உபகாரச் சம்பளம் கிடைக்கும். பிரபுல்ல சந்திரர் சத்தம் போடாமல் அதற்குப் படித்தார், வெற்றி பெற்றார். 1882-ல் கப்பல் ஏறி ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

கைகோத்து நிற்கும் அணுக்கள்

எடின்பரோவில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் அலெக்சாண்டர் க்ரம் பிரவுன். ஒவ்வோர் அணுவையும் ஒரு வட்டமாக வரைந்து, எந்த அணு எதோடு இணைந்திருக்கிறது என்பதைக் கோடு போட்டுக் காட்டிய முன்னோடிகளில் அவர் ஒருவர்.

அந்தக் கோடுகளைக் கைகள் என்று வைத்துக்கொண்டால் எவருக்கும் விளங்கும்.

ஹைட்ரஜனுக்கு ஒரு கை. கால்சியத்துக்கு இரண்டு கைகள். சல்பேட் என்ற கூட்டத்துக்கு இரண்டு கைகள். பாஸ்பேட் என்ற கூட்டத்துக்கு மூன்று கைகள். எல்லாக் கைகளும் கோத்திருக்க வேண்டும். ஒரு கைகூடச் சும்மா தொங்கக் கூடாது. ரசாயனக் கணக்குக்கு இதுவே அரிச்சுவடி.

இந்தக் கணக்கில் ரே தேர்ந்தார். 1885-ல் பி.எஸ்சி. பட்டம் பெற்றார். 1887-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். 1888-ல் தாய்நாடு திரும்பினார்.

எடின்பரோவின் டாக்டர் பட்டம் பெற்றவருக்கு உடனே வேலை கிடைத்ததா? இல்லை! உயர்ந்த கல்விப் பணிகள் ஆங்கிலேயர்களுக்கே என்று ஆகியிருந்த காலம் அது. ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தார். விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் வீட்டில் தங்கியிருந்தார். 1889-ல் பிரசிடென்சி கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 250 ரூபாய்.

மாடியில் எலும்பு!

வேலை கிடைத்தது; மனம் அமைதி அடையவில்லை. மருந்துக் கடைகளில் எதை எடுத்தாலும் அது கப்பலில் வந்த சரக்காக இருந்தது. படித்த இளைஞர்களோ குமாஸ்தா வேலைக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். இங்கே கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, இங்கே இருக்கும் இளைஞர்களை வைத்து, இங்கேயே மருந்து செய்தால் என்ன என்று ரே எண்ணினார்.

1892-ல் சுமார் 700 ரூபாய் முதலில், கல்கத்தா அப்பர் சர்க்குலர் ரோட்டில் தாம் குடியிருந்த வீட்டிலேயே வேலையைத் தொடங்கினார். பெங்கால் கெமிக்கல் நிறுவனம் இப்படித்தான் பிறந்தது. பகலில் கல்லூரி. மாலையில் அடுப்பும் பாத்திரமும் புட்டிகளும்.

சோடியம் பாஸ்பேட் என்ற மருந்து உப்பைச் செய்ய நினைத்தார். அதற்கு எங்கே போவது? கசாப்புக் கடையில் வீணாகக் கிடக்கும் மாட்டு எலும்பில் பாஸ்பேட் இருக்கிறதே! மூட்டை மூட்டையாக எலும்பு வாங்கி மொட்டை மாடியில் காயப் போட்டார்.

ஜனவரி மாதம். மழை வராது என்று நம்பினார். அந்த ஆண்டு விடாமல் மழை பெய்தது! எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுகியது. புழு நெளிந்தது. நாற்றம் தெருவைத் தூக்கியது. காக்கைகள் எலும்பைக் கொத்திக்கொண்டு போய் அக்கம்பக்கத்து வீடுகளில் போட்டன. ஆசாரமான அண்டை வீட்டார் கொதித்து எழுந்தார்கள். எலும்புகளை உடனே அகற்ற வேண்டியதாயிற்று.

ஊருக்கு வெளியே மாணிக்தலா பக்கம் கொண்டுபோய், செங்கல் சூளை போல அடுக்கித் தீ வைத்தார்கள். இரவில் தீ கொழுந்து விட்டு எரிந்தது. ரோந்து வந்த போலீஸ்காரர்கள், ஏதோ பிணத்தை ரகசியமாக எரிக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டார்கள்! எரிவது மாட்டு எலும்பு என்று கண்ட பிறகே போனார்கள்.

இத்தனை பாட்டுக்குப் பின் கிடைத்தது வெள்ளைச் சாம்பல். அதில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட்.

கணக்கு எப்படிச் சரியாகிறது?

இந்தச் சாம்பலில் கந்தக அமிலத்தை ஊற்றினால் துணைகள் மாறுகின்றன. பாஸ்பேட்டோடு இருந்த கால்சியம், சல்பேட்டோடு சேர்கிறது. சல்பேட்டோடு இருந்த ஹைட்ரஜன், பாஸ்பேட்டோடு சேர்கிறது. இதை ரசாயனக்காரர்கள் ஒரு வரியில் எழுதுவார்கள். அதற்குச் சமன்பாடு என்று பெயர்.

கால்சியம் பாஸ்பேட் + கந்தக அமிலம் = கால்சியம் சல்பேட் + பாஸ்பாரிக் அமிலம்

எழுதிவிட்டால் போதாது. இரு பக்கமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு பங்கு கால்சியம் பாஸ்பேட்டில் கால்சியம் 3, பாஸ்பேட் 2. ஆறு கைகளுக்கு ஆறு கைகள் சரி. ஒரு பங்கு கந்தக அமிலத்தில் ஹைட்ரஜன் 2, சல்பேட் 1. வலப்பக்கம் ஒரு பங்கு கால்சியம் சல்பேட்டில் கால்சியம் 1, சல்பேட் 1. ஒரு பங்கு பாஸ்பாரிக் அமிலத்தில் ஹைட்ரஜன் 3, பாஸ்பேட் 1.

இடப்பக்கம் மூன்று கால்சியம் இருக்கிறது. வலப்பக்கம் ஒன்றுதான் வந்திருக்கிறது. மற்ற இரண்டும் எங்கே? காற்றில் கரைந்துவிட முடியாது. கணக்கு எங்கோ இடிக்கிறது!

பொருளுக்குள் இருக்கும் எண்ணைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாமா? கூடாது. அப்படிச் செய்தால் அது வேறு பொருளாகிவிடும். அது கள்ளக் கணக்கு. பங்குகளின் எண்ணிக்கையை மட்டுமே மாற்றலாம்.

மூன்று கால்சியத்துக்கு இடம் வேண்டும். ஆகவே கால்சியம் சல்பேட் 3 பங்கு. அதற்கு மூன்று சல்பேட் வேண்டும். ஆகவே கந்தக அமிலம் 3 பங்கு. இரண்டு பாஸ்பேட்டுக்கும் இடம் வேண்டும். ஆகவே பாஸ்பாரிக் அமிலம் 2 பங்கு. ஹைட்ரஜன் என்ன ஆயிற்று? இடப்பக்கம் மூன்று இரண்டு ஆறு. வலப்பக்கம் இரண்டு மூன்று ஆறு. கணக்கு சரி!

1 பங்கு கால்சியம் பாஸ்பேட் + 3 பங்கு கந்தக அமிலம் = 3 பங்கு கால்சியம் சல்பேட் + 2 பங்கு பாஸ்பாரிக் அமிலம்

இது வெறும் பள்ளிக்கூட விளையாட்டு அல்ல. அமிலம் காசு கொடுத்து வாங்கும் சரக்கு. அளவுக்கு மேல் ஊற்றினால் காசு வீண். குறைவாக ஊற்றினால் எலும்புச் சாம்பல் மிச்சப்பட்டு வீண். 700 ரூபாய் முதலில் தொழில் நடத்துகிறவருக்கு இந்தச் சமன்பாடும் ஒரு வரவு செலவுக் கணக்குதான்.

மூன்று பங்குக்குப் பதில் இரண்டு பங்கு அமிலம் மட்டும் சேர்த்தால் மாற்றம் பாதியில் நிற்கும். அப்போது கிடைப்பது சூப்பர் பாஸ்பேட். ரே அதையும் செய்தார். அதோடு சோடாவைச் சேர்த்துத் தாம் தேடிய சோடியம் பாஸ்பேட்டைப் பெற்றார்.

சூப்பர் பாஸ்பேட் என்றால் காவிரிப் பாசன விவசாயிகளுக்கு விளக்கம் தேவையில்லை. திருக்கடையூர்ப் பக்கத்து வயல்களிலும் நடவுக்கு முன் அடியுரமாகப் போடும் உரம் அதுதான். எலும்பில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட் தண்ணீரில் கரையாது. பயிரின் வேர் அதைச் சுலபமாக உறிஞ்ச முடியாது. அமிலத்தோடு துணை மாறிய பிறகு அது கரையும், நெற்பயிர் உண்ணும். 1906-ல் தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை ஏற்பட்டது. இந்தியாவில் இந்த உரத்துக்கு அதுவே முதல் தொழிற்சாலை. இப்போது எலும்புக்குப் பதில் பாஸ்பேட் பாறையைப் பயன்படுத்துகிறார்கள். கணக்கு மட்டும் மாறவில்லை.

ரேயின் சிறு தொழில் 1901-ல் பெரிய கம்பெனியாக வளர்ந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பிற்காலத்தில் அது அரசுடைமை ஆயிற்று.

லண்டனில் ஒரு வெற்றி

தொழில் ஒரு பக்கம். ஆராய்ச்சி மறு பக்கம். பாதரசத்தையும் நீர்த்த நைட்ரிக் அமிலத்தையும் வைத்துச் சோதனை செய்தபோது, ரே எதிர்பாராத மஞ்சள் நிறப் படிகங்களைக் கண்டார். அது மெர்குரஸ் நைட்ரைட் என்ற புதிய பொருள். அந்தச் செய்தி 1896-ல் வெளியாயிற்று. அதன் பின் நைட்ரைட் உப்புகளை அவர் விடவே இல்லை.

அவற்றில் மிகவும் முரண்டு பிடித்தது அம்மோனியம் நைட்ரைட். சூடு பட்டால் நைட்ரஜன் வாயுவாகவும் தண்ணீராகவும் உடைந்துவிடும். சில சமயம் வெடிக்கவும் செய்யும். அதைத் தூய்மையாகப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு.

இங்கேதான் மாலை மாற்றல் கைகொடுத்தது. ரே இரண்டு உப்புகளை எடுத்தார். ஒன்று வெள்ளி நைட்ரைட். இன்னொன்று அம்மோனியம் குளோரைடு. ஈயம் பூசுகிறவர்கள் பாத்திரத்தில் தேய்ப்பார்களே, அந்த நவச்சாரம்தான் அது.

வெள்ளி நைட்ரைட் + அம்மோனியம் குளோரைடு = வெள்ளி குளோரைடு + அம்மோனியம் நைட்ரைட்

இதில் ஒவ்வொன்றும் ஒரே பங்கு. 154 கிராம் வெள்ளி நைட்ரைட்டுக்கு 53.5 கிராம் நவச்சாரம். கூட்டினால் 207.5 கிராம். கிடைப்பது 143.5 கிராம் வெள்ளி குளோரைடு, 64 கிராம் அம்மோனியம் நைட்ரைட். இதைக் கூட்டினாலும் 207.5 கிராம்தான்!

இந்த மாற்றம் திரும்பிப் போகாமல் நிற்பது ஏன்? வெள்ளி குளோரைடு தண்ணீரில் கரையாது. பால் திரிந்தது போல வெள்ளையாகத் திரண்டு அடியில் படிந்துவிடும். இதை வீழ்படிவு என்பார்கள். படிந்தது மறுபடி கலந்து பழைய துணையைத் தேட முடியாது. இரட்டை இடப்பெயர்ச்சி நடந்து முடிய இப்படி ஏதேனும் ஒரு காரணம் வேண்டும். ஒன்று அடியில் படிய வேண்டும். அல்லது வாயுவாக வெளியேற வேண்டும். அல்லது தண்ணீராக மாற வேண்டும். சமையல் சோடாவில் எலுமிச்சம்பழச் சாறு பட்டதும் பொங்குகிறதே, அங்கே வாயு வெளியேறுகிறது.

ரே வெள்ளைப் படிவை வடிகட்டி நீக்கினார். காற்றை அகற்றிய பாத்திரத்தில், மிதமான சூட்டில், பொறுமையாகத் தண்ணீரைப் போக்கினார். முரண்டு பிடித்த உப்பு அடங்கியது! அதை உடையாமல் ஆவியாக்கி, அந்த ஆவியின் அடர்த்தியையும் அளந்து காட்டினார்.

1912-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாக லண்டன் போனவர், அங்கே ரசாயனச் சங்கத்தில் இதை விளக்கினார். நோபல் பரிசு பெற்ற வில்லியம் ராம்சே அவரைப் பாராட்டினார். புகழ்பெற்ற நேச்சர் பத்திரிகை செய்தி வெளியிட்டது. பெரிய பதவிக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்தவர், ஆண்டவர்களின் தலைநகரிலேயே பாடம் நடத்தித் திரும்பினார்.

அறுபது வயதில்

1916-ல் ரே பிரசிடென்சி கல்லூரியை விட்டார். கல்கத்தா பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். 1919-ல் சர் பட்டம் வந்தது. வாழ்க்கை மாறவில்லை. கல்லூரி மாடியிலேயே ஓர் அறை. ஒரு கட்டில். சில புத்தக அலமாரிகள். கதர் உடை. கூடவே தங்கிப் படிக்கும் ஏழை மாணவர்கள். மனைவி மக்கள் இல்லாதவருக்கு அவர்களே பிள்ளைகள். மேகநாத சாஹா, சத்தியேந்திரநாத் போஸ் போன்ற மேதைகள் அவரிடம் பாடம் கேட்டவர்கள்தான்.

1921-ல் அவருக்கு அறுபது வயது நிரம்பியது.

அவருக்கு மாலை மாற்றிக்கொள்ள மனைவி இல்லை. சூழ்ந்து நிற்கப் பேரப்பிள்ளைகளும் இல்லை. அவர் ஒரே ஒரு காரியம் செய்தார். அன்று முதல் தமக்கு வரவேண்டிய சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்! அந்தப் பணம் ரசாயனத் துறையை வளர்க்கவும், இளைஞர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கவும் பயன்பட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்.

சம்பளத்தை விட்டாரே தவிர வேலையை விடவில்லை. 75 வயது வரை அங்கே பணி செய்தார். முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் உபகாரச் சம்பளம் அவரைக் கப்பல் ஏற்றியது. இப்போது அவர் சம்பளமே பிறருக்கு உபகாரச் சம்பளம் ஆயிற்று.

1922-ல் வட வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தது. வீடு இழந்தவர்கள் லட்சக்கணக்கில் தவித்தார்கள். நோஞ்சான் உடம்போடு ரே நிவாரணப் பணிக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானக் கல்லூரியின் அறைகளில் துணி மூட்டைகளும் அரிசி மூட்டைகளும் குவிந்தன. மாணவர்கள் மூட்டை சுமந்தார்கள். 1924-ல் இந்திய ரசாயனச் சங்கம் தோன்றியபோது அவரே முதல் தலைவரானார். பழங்கால இந்தியர்களின் ரசாயன அறிவைப் பற்றி இரண்டு பாகங்களில் பெரிய நூலும் எழுதினார்.

1944-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி, 82-வது வயதில், கல்லூரி மாடியில் இருந்த அதே அறையில் ஆசார்ய ரே காலமானார். சிறுவயதில் சீதபேதி சுருட்டிப் போட்ட உடம்பு, எண்பது வயதையும் தாண்டி உழைத்தது!

2011-ல் பிரிட்டனின் ராயல் ரசாயனச் சங்கம் அவர் நினைவாக ஒரு சிறப்புப் பலகையை அளித்தது. ஐரோப்பாவுக்கு வெளியே அந்தச் சிறப்பு ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை.

சமன்பாட்டில் இடப்பக்கம் வந்தது எல்லாம் வலப்பக்கம் போய்ச் சேர வேண்டும் என்பது ரசாயனத்தின் சட்டம். ஆசார்ய ரே தம் சொந்த வரவையும் அப்படியே எழுதினார். கல்வியாகவும் சம்பளமாகவும் புகழாகவும் நாடு அவருக்குக் கொடுத்தது எல்லாம், மருந்தாகவும் உரமாகவும் மாணவர்களாகவும் நாட்டுக்கே திரும்பி வந்தது. கணக்கு சரியாக முடிந்தது.